மூன்றாம் ஜாடியின் நுரை

ஒவ்வொரு திங்கள்கிழமை காலையும் ஹெத்விகாவின் ஆய்வுக்கூடக் கதவில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். செருப்பை மாற்றிக்கொண்டு நிமிரும்போதே அது கண்ணில் படும். அன்றைய பொழுது அத்தோடு கெட்டுவிடும்.

"ஜாடி 3. நுரை எட்டு சென்டிமீட்டர். முப்பது நிமிடம் நின்றது. கழிவு ஜாடியில் சோப்பு ஊற்றாதீர்கள். – லுபோர்."

லுபோர் அந்தக் கட்டடத்தின் கழிவுக்குப் பொறுப்பாளர். வெள்ளிக்கிழமை நண்பகலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு வாரம் சேர்ந்த கழிவுத் தண்ணீரை எடுத்துப் போவார். கீழ்த்தளத்துக் கொதிகலனில் அதைக் காய்ச்சி, பாக்டீரியா ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று உறுதியான பிறகுதான் சாக்கடையில் விடுவார். மற்ற ஜாடிகள் சாதுவாகக் கொதித்து அடங்கும். ஹெத்விகாவின் மூன்றாம் ஜாடி மட்டும் பால் பொங்குவதுபோலப் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஒழுகும். துடைக்கும் துணியோடு மண்டியிடுவது லுபோர். கோபம் வராமல் இருக்குமா?

அவர் இங்கே வருவதற்கு முன் பில்சென் நகரத்து மதுவடிப்பாலை ஒன்றில் ஒன்பது வருஷம் பீர் நுரையை அளந்தவர். கோப்பையில் நுரை எத்தனை உயரம் எழுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அளப்பதுதான் அங்கே அவர் வேலை. முதுகுவலி வந்து அந்த வேலையை விட்டார், பழக்கத்தை விடவில்லை. ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு என்பார்களே, அதை அப்படியே செய்கிற ஒரு மனிதரை நான் பார்த்ததென்றால் அது லுபோர்தான். சாக்கடைக்குப் போகிற நுரையையும் அளவுகோல் வைத்து அளந்து, தேதி போட்டு எழுதினார்.

ஹெத்விகா சோப்பு ஊற்றவில்லை. இரண்டு முறை பதில் எழுதிப் பார்த்தாள், அவர் நம்பவில்லை. பிறகு சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் மேசை இழுப்பறையில் சேர்க்கத் தொடங்கினாள். என்றைக்காவது நிர்வாகத்திடம் புகார் கொடுப்பதற்கு ஆதாரமாக இருக்கட்டும் என்றுதான். நாற்பத்தாறு சீட்டு சேர்ந்துவிட்டது.

அந்த அக்டோபர் வெள்ளிக்கிழமை அவளுக்குச் சீட்டைவிடப் பெரிய தலைவலி ஒன்று வந்தது. துறைத் தலைவர் ஒதாகர் ரப்பர் பூட்ஸும் பிரம்புக் கூடையுமாக உள்ளே வந்தார். நல்ல மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது. எங்கள் பிராக் நகரத்தில் அப்படியொரு வெள்ளிக்கிழமை வந்தால் நண்பகலுக்கு மேல் யாரையும் அலுவலகத்தில் பிடிக்க முடியாது. ஊர் முழுக்கக் காளான் பறிக்கக் காட்டுக்குப் போய்விடும்.

"ஹெத்வி, இந்தா, முடிவறிக்கை. படிச்சுப் பாத்துட்டுத் திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுக் குடு." ஒரே ஒரு தாளை மேசைமேல் வைத்தார். "முகத்தை அப்படி வச்சுக்காத. மூணு வருஷம் முட்டிப் பாத்தாச்சு. வரலைன்னா வரலை."

"இன்னும் ரெண்டு மாசம்?"

"போன கோடையிலயும் இதேதான் கேட்ட." அவர் கூடையை மறு கைக்கு மாற்றினார். "நான் சொன்னதைக் கேட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். பெரிய மணி ஒண்ணே ஒண்ணு, உன் சரத்துல சேத்துடு. மடிஞ்சுடும். மிஷினுக்கும் கண்ணு தெரியும்."

"அது அன்னைக்கு இல்லையே ஒதாகர். நானூறு கோடி வருஷத்துக்கு முன்னால இல்லாத ஒண்ணைச் சேத்துட்டு, அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அதான் கையெழுத்துப் போடுன்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் காட்டுக்குப் போனார்.

விஷயம் இதுதான். உடம்புக்குள் வேலை செய்கிற புரதம் ஒவ்வொன்றும் ஒரு மணிச்சரம். மணிகள் இருபது வகை. கோத்து முடிந்ததும் சரம் தானாகவே சுருண்டு மடிந்து தனக்கென்று ஓர் உருவத்துக்கு வந்துவிடும். அந்த உருவம் வந்தால்தான் அதற்கு வேலை உண்டு. மடியாத சரம் வெறும் நூல். பாக்டீரியாவே அதைக் குப்பை என்று கடித்துத் தின்றுவிடும். இந்த இருபது வகை மணிகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல. பத்து வகை மூத்தவை, விண்கல்லில்கூட அவற்றில் பல கிடைக்கின்றன. மற்றப் பத்தும் உயிர் தோன்றிய பிறகு உயிரே செய்துகொண்டவை என்பது இந்தத் துறைக்காரர்களின் கணிப்பு. அப்படியானால் மூத்த பத்து மட்டும் இருந்த காலத்தில் சரங்கள் மடிந்தனவா, இல்லை சும்மா நூலாகக் கிடந்தனவா?

மடிந்திருக்கும் என்பது ஹெத்விகாவின் நம்பிக்கை. மூத்த பத்தை மட்டும் வைத்து ஒரு சரத்தைக் கணக்குப் போட்டு வரையவே இரண்டு வருஷம் ஆயிற்று. அதைச் செய்யும் குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் வைத்தாள். மூன்றாம் வருஷம் முழுக்க ஒவ்வொரு வாரமும் பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, உள்ளே இருந்ததைக் குழாய் குழாயாகப் பிரித்தாள். முதல் குழாய்களில் பாக்டீரியாவின் சொந்தப் புரதங்கள் வரும். கடைசிக் குழாய்களில், உப்பு அதிகமாகிற இடத்தில், அவள் சரம் வர வேண்டும். அங்கே வெறும் தெளிந்த தண்ணீர்தான் வந்தது.

தண்ணீர்தான் என்று எப்படித் தெரியும்? இரண்டு வழி. ஒன்று, குழாய் குழாயாகப் பிரிக்கும் மிஷினின் ஒளிக்கண். அது பிந்தி வந்த பெரிய மணிகளைத்தான் பார்க்கும், மூத்த பத்தைப் பார்க்காது. இது ஹெத்விகாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இரண்டாவது வழியை நம்பினாள். நீலச் சாயம். எந்தக் குழாயில் புரதம் இருந்தாலும் சாயம் ஒட்டி நீலமாகும். நீலம் இல்லையென்றால் புரதம் இல்லை. இருபது வருஷமாக அவள் படித்ததும் மாணவர்களுக்குச் சொன்னதும் அதுதான். கடைசிக் குழாய்கள் ஒருநாளும் நீலமாகவில்லை. சரத்தைப் பாக்டீரியா தின்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் பாதி நம்பிவிட்டாள். அந்தக் குழாய்களை மட்டும் மூன்றாம் ஜாடியில் கவிழ்த்தாள்.

முடிவறிக்கையில் இருந்ததும் அதுதான். "மூத்த பத்து மட்டும் கொண்ட சரங்கள் மடிவதில்லை, நிலைப்பதில்லை." இதில் கையெழுத்திட்டால் இந்தக் கேள்வியை இன்னொருவர் தொடுவதற்குப் பத்து வருஷம் ஆகும். செய்து பார்த்தாயிற்று, பிராக்கில் ஒருத்தி மூன்று வருஷம் செய்து பார்த்தாள், வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். தான் தோற்றதைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மனசுக்குள் அவள் இன்னும் அந்த வாக்கியத்தை நம்பவில்லை.

அந்த வாரத்தின் கடைசிக் குழாய்களையும் ஜாடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது லுபோரின் வண்டிச் சத்தம் கேட்டது. வழக்கமாக அவர் வாய் திறக்காமல் ஜாடியை எடுத்துப் போவார். அன்றைக்குக் கதவிலேயே நின்றார்.

"பானி ஹெத்விகா, சீட்டு எழுதி எழுதி என் பேனாவே தீந்துபோச்சு. இன்னிக்கு நேர்லயே சொல்லிட்டுப் போறேன்." செக் மொழியில் பானி என்றால் அம்மா, பானே என்றால் ஐயா.

"நானும் நேர்லயே சொல்றேன், பானே லுபோர். இந்த அறையில சோப்பு கிடையாது. நான் போடறது உப்புத் தண்ணி மட்டும்தான்."

"அப்ப நுரை வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

"உங்க கொதிகலன்ல அழுக்கு இருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. லுபோர் வண்டியின் கைப்பிடியை விட்டார். "என் கொதிகலனை நான் கழுவுற மாதிரி நீங்க உங்க காப்பி டம்ளரைக் கழுவ மாட்டீங்க. ஜன்னலோரமா வச்சிருக்கீங்களே, அடியில காப்பித்தூள் ஒரு விரக்கடை நிக்குது. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஜாடிய எடுத்துட்டுப் போங்க."

"எடுக்கத்தான் போறேன். அதுக்கு முன்னால இதைக் கண்ணால பாருங்க." ஜாடியின் மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் தூக்கி நான்கு குலுக்குக் குலுக்கி மேசைமேல் வைத்தார்.

நுரை எழுந்தது. வெள்ளையாக, கெட்டியாக, ஜாடியின் கழுத்துவரை எழுந்து நின்றது. லுபோரின் கண் தன்பாட்டுக்குக் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று.

"இப்ப அடங்கிடும்" என்றாள் ஹெத்விகா.

அடங்கவில்லை. அவள் வீம்புக்கு ஒரு புட்டியைக் கழுவி, அலமாரியில் இருந்த அதே உப்புத் தண்ணீரை ஊற்றி அவர் கண்ணெதிரே குலுக்கினாள். நாலு குமிழி வந்தது. வைப்பதற்குள் போயிற்று.

"பாத்தீங்களா? என் தண்ணியில ஒண்ணுமில்ல."

"பாத்தேன்." லுபோருக்குக் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. "அப்ப ஜாடியில மட்டும் எப்படி?" ஜாடியைப் பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தினார். நுரை இறங்கிய இடத்தில் கண்ணாடிமேல் வெள்ளை வளையங்கள் படிந்து நின்றன. அதைப் பார்த்ததும் அவர் சண்டையை மறந்துவிட்டார். குனிந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் போனார்.

"என்ன?" என்றாள்.

"சோப்பு நுரை இப்படி ஒட்டாது. பெருசு பெருசா கொப்புளம் விட்டு வெடிச்சுப் போயிடும். இது பொடி நுரை. வளையம் விடுது." அவர் குரல் தாழ்ந்தது. "நல்ல பீரை மடக்கு மடக்கா குடிச்சா கோப்பையில வளையம் நிக்குமே, அந்த மாதிரி. ஒன்பது வருஷம் இதைத்தான் பாத்தேன். கீழ குப்பைன்னு வந்ததால அளந்தேனே தவிர வளையத்தைப் பாக்கலை."

"பீரை யாரும் இதுல ஊத்தலை."

"அது தெரியுது. ஆனா பீர்ல நுரையைத் தூக்கி நிறுத்துறது எதுன்னு உங்களுக்குத் தெரியாதா? வாற்கோதுமையோட..."

"புரதம்" என்றாள் ஹெத்விகா.

சொன்ன பிறகு அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நீலச் சாயம் எதில் ஒட்டும்? அதை அவள் பாடமாக ஒப்பிப்பாள். நேர்மின்னேற்றம் கொண்ட மணிகளில் ஒட்டும். வளையம் கொண்ட பெரிய மணிகளில் ஒட்டும். அவை எல்லாமே பிந்தி வந்த பத்தைச் சேர்ந்தவை. மூத்த பத்தில் சாயம் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கிகூட இல்லை. ஒளிக்கண் குருடு என்று தெரிந்து சாயத்திடம் போனாள். சாயமும் அதே காரணத்துக்காகக் குருடு என்று யோசிக்கவில்லை. அவளிடம் இருந்த இரண்டு கண்ணும் இளைய பத்தைப் பார்க்கப் பழகியவை. வேறு தொழில்காரருக்கு இந்தத் தவறு வந்திருக்காது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் உண்டு, வாரம் தவறாமல் வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அலைந்தவள் இவள் ஒருத்திதான்.

"கீழ முதல் வருஷப் பசங்க லேப்ல மயில்துத்தம் இருக்குமா?" என்று கேட்டாள்.

லுபோரிடம் கட்டடத்தின் எல்லாச் சாவியும் இருந்தது. போய்க் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் முட்டை வெள்ளைக்கருவை வைத்துச் செய்கிற சோதனைதான். மயில்துத்தமும் காரமும் சேர்த்தால், எந்த மணி என்று பார்க்காமல், மணிகளைக் கோத்திருக்கும் நூலையே பார்த்து நிறம் மாறும். பெரிய ஆய்வுக்கூடங்களில் இதை யாரும் செய்வதில்லை, சிறுபிள்ளை வேலை என்று விட்டுவிட்டார்கள். ஹெத்விகா நுரையைக் கரண்டியால் வழித்துக் குழாயில் போட்டு, துளித் துளியாகச் சேர்த்தாள்.

முதலில் வெளிர்நீலம். பிறகு மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறம்.

இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. வெளியே டிராம் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கு" என்றாள். "தின்னு தீக்கலை. இத்தனை மிச்சம் இருக்குன்னா பாக்டீரியாவுக்கு அதைக் கடிக்க முடியலை. கடிக்க முடியலைன்னா..." சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமைகளும் வரிசையாக வந்து நின்றன, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரு வருஷமா என் கையாலயே கொட்டினேன்."

"கொட்டினது நீங்க. காய்ச்சி சாக்கடையில விட்டது நான். தொடைச்சதும் நான்" என்றார் லுபோர். "அழறதுன்னா ரெண்டு பேரும் சேந்துதான் அழணும். எனக்குப் பசிக்குது."

அவர் பையில் இருந்த ரொட்டியில் பாதியை அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அந்த ஜாடி கீழே போகவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹெத்விகா ஆப்பிள் பறிக்க வீட்டுக்காரரோடு தோட்டவீட்டுக்குப் போகவில்லை. திங்கள்கிழமை ஒதாகர் பாட்டில் நிறையக் காளான் சூப்போடு வந்தபோது முடிவறிக்கை மேசைமேல் வைத்தது வைத்தபடி இருந்தது.

கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் முகவாயைத் தடவினார். "நுரைய வச்சுக் கட்டுரை எழுத முடியாது ஹெத்வி. கத்தரிப்பூ நிறம் எந்தப் புரதத்துக்கும் வரும். அது பாக்டீரியாவோட அழுக்கா இருந்தா? உன் சரமே வைக்காத பாக்டீரியாவும் இதே மாதிரி நுரைக்குதான்னு பாத்தியா?"

சரியான கேள்வி. சரம் வைக்காத வெறும் பாக்டீரியாவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வருஷத்தில் எப்போதாவதுதான் அதே மிஷினில் ஓட்டிப் பிரித்திருந்தாள். அந்தத் தண்ணீரெல்லாம் என்றோ போய்விட்டது. மறுபடி வளர்த்து ஓட்ட ஒரு வாரம் ஆகும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது இழுப்பறை ஞாபகம் வந்தது.

நாற்பத்தாறு சீட்டையும் மேசையில் பரப்பினாள். நாற்பத்து மூன்று திட்டு. நுரை ஏழு சென்டிமீட்டர், ஒன்பது சென்டிமீட்டர், பதினொன்று. மூன்று சீட்டில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது: "ஜாடி 3. நுரை இல்லை. நன்றி. இப்படியே இருங்கள். – லுபோர்."

ஹெத்விகா தன் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்தாள். மார்ச், ஜூன், செப்டம்பர். வெறும் பாக்டீரியாவை ஓட்டிய வாரங்கள் மூன்றே மூன்று. லுபோர் நன்றி சொன்ன வாரங்களும் அதே மூன்று.

ஒதாகர் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்து ஒப்பிட்டார். இரண்டாவது முறையும் ஒப்பிட்டார். "இதை எழுதின ஆளுக்கு எந்த வாரம் நீ என்ன ஓட்டினேன்னு தெரியுமா?"

"சோப்பு ஊத்தறேன்னு மட்டும்தான் தெரியும்."

"நாமளே திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமா ஒப்பீடு பண்ணியிருக்க மாட்டோம்" என்றார். "சரி. இருக்கு. மடியுதா?"

வடிவம் பார்க்கும் மிஷின் மாடியில் இருந்தது. மடியாத நூல் என்றால் அதன் திரையில் கோடு ஓரிடத்தில்தான் இறங்கும். சுருண்டு மடிந்ததென்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி விழும். இரண்டு நாளாக ஜாடியிலிருந்து வடித்துக் கெட்டியாக்கிச் சேர்த்ததை ஹெத்விகா உள்ளே வைத்தாள். கோடு நிதானமாக வளர்ந்தது. ஒரு குழி விழுந்தது. ஹெத்விகா திரையைப் பார்க்காமல் ஒதாகரின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் இரண்டாவது குழி தெரிந்தது.

உப்பைக் கழுவி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். கோடு தளர்ந்து வெறும் நூலானது. கடலில் இருக்கிற அளவுக்கு உப்பைத் திரும்பச் சேர்த்தார்கள். இரண்டு குழியும் திரும்ப வந்தன. பத்தே பத்து மூத்த மணிகள், கொஞ்சம் உப்புத் தண்ணீர், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது மடிந்தது. ஒதாகர் நாலாவது முறையும் உப்பைப் போடச் சொன்னார். அதற்கு ஒரு தேவையும் இல்லை, ஆசைதான்.

கீழே வந்ததும் முடிவறிக்கையை நாலாக மடித்து, சூடான சூப் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். "மேசையில தடம் விழாம இருக்கும்" என்றார். அவரிடமிருந்து அதுவே அதிகம்.

மாலையில் ஹெத்விகா கொதிகலன் அறைக்கு இறங்கிப் போய் லுபோரிடம் விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாக இருவரும் பானி, பானே, நீங்கள்தான். அதை மாற்றும் உரிமை எங்கள் வழக்கப்படி பெண்ணுக்குத்தான்.

"இனிமே பானி வேண்டாம், நீன்னே கூப்பிடு" என்றாள்.

"பாக்கலாம்" என்றார் லுபோர், தரையைத் துடைத்துக்கொண்டே.

அந்த வாரம் ஒதாகர் கேட்டுக்கொண்டபடி வெறும் பாக்டீரியாவை மறுபடி ஓட்டினாள். சரத்தின் குழாய்கள் எல்லாம் பனிப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. வெள்ளிக்கிழமை லுபோர் ஜாடியை எடுத்துப் போனார். திங்கள்கிழமை காலை அவள் செருப்பை மாற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். கதவில் சீட்டு இருந்தது.

"ஜாடி 3. நுரை இல்லை. இரண்டு முறை குலுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, ஹெத்விகா. – லுபோர்."

அவள் அதைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. அடியில் தேதி விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து அதை மட்டும் எழுதினாள்.